கனடாவில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை சரிவது ஏன்? கட்டணத்தை நம்பிய கல்லூரிகளும் கதவைச் சாத்திய அரசும்

2024 ஜனவரியில் கனடாவில் ஸ்டடி பெர்மிட் வைத்திருந்த வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் மேல். 2025 செப்டம்பரில் அது சுமார் 7 லட்சத்து 25 ஆயிரம். இருபதே மாதங்களில் நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது.

கொரோனா காலத்தில் விமானம் ஓடாததால் எண்ணிக்கை குறைந்தது. அது வேறு. இந்த முறை நடந்திருப்பது அரசே உட்கார்ந்து கணக்குப் போட்டு குறைத்தது. இதில் அதிகம் அடிபட்டவர்கள் இந்திய மாணவர்கள். காரணம் எளிது. 2023-ல் அங்கிருந்த வெளிநாட்டு மாணவர்களில் பத்தில் நான்கு பேர் இந்தியர்கள்.

ஒரு நாடு தானே சிவப்புக் கம்பளம் விரித்து அழைத்த மாணவர்களை ஏன் திடீரென்று வேண்டாம் என்கிறது? அந்தக் கல்லூரிகள் இப்போது என்ன ஆகின்றன? லோன் போட்டு கிளம்ப நினைப்பவர்கள் என்ன பார்க்க வேண்டும்?

எண்ணிக்கை முதலில் ஏறியது எப்படி?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கனடாவில் வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 3 லட்சம் பேர்தான். 2014-ல் அந்நாட்டு அரசு ஓர் இலக்கு வைத்தது. 2022-க்குள் இதை நான்கரை லட்சமாக உயர்த்த வேண்டும் என்பது திட்டம். 2017-லேயே அந்த எண்ணைத் தாண்டிவிட்டார்கள்.

மாணவர்களை இழுத்தது படிப்பு மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். படிப்புக்குப் பின்னால் ஒரு பாதை இருந்தது. இரண்டு ஆண்டு டிப்ளமோ படித்தால், மூன்று ஆண்டு வரை எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம் என்ற வொர்க் பெர்மிட் கிடைக்கும். அங்கே ஓராண்டு வேலை அனுபவம் சேர்ந்தால் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ வழியாக நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஏஜெண்டுகள் விற்றதும் இந்தப் பாதையைத்தான். எந்தக் கோர்ஸ், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் பல குடும்பங்களில் இரண்டாவது கேள்வியாகத்தான் இருந்தது. “பி.ஆர். கிடைக்குமா?” என்பதே முதல் கேள்வி.

கல்லூரிகளுக்கு ஏன் இவ்வளவு ஆசை?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

கனடாவில் கல்வி மாகாண அரசுகளின் கையில் இருக்கிறது. விசா மத்திய அரசின் கையில் இருக்கிறது. பணம் தர வேண்டியவர் ஒருவர், ஆட்களை உள்ளே விடுபவர் இன்னொருவர். இந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது.

ஒன்டாரியோ மாகாணத்தை எடுத்துக்கொள்ளலாம். டொரண்டோ நகரம் இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்வதும் இங்கேதான். 2019-ல் மாகாண அரசு உள்ளூர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஏற்றவே விடவில்லை. உள்ளூர் மக்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் குறைந்த பணத்துக்கு ஈடாக அரசு மானியத்தை அந்த அளவுக்கு உயர்த்தவில்லை.

கல்லூரிகள் என்ன செய்யும்? கட்டண வரம்பு இல்லாத மாணவர்களைத் தேடின. கனடாவின் புள்ளியியல் துறைக் கணக்குப்படி, 2024-25-ல் இளநிலைப் பட்டப்படிப்புக்கு உள்ளூர் மாணவர் கட்டிய சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 7,360 கனடா டாலர். வெளிநாட்டு மாணவர் கட்டியது 40,114 டாலர். நம் பணத்தில் கிட்டத்தட்ட 25 லட்சம் ரூபாய். ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பெஞ்ச். கட்டணம் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல்.

இது ஆபத்தான பழக்கம் என்று 2021-லேயே ஒன்டாரியோவின் தணிக்கைத் தலைவர் எச்சரித்திருந்தார். அந்த அறிக்கையின்படி, 2020-21-ல் மாகாணத்தின் அரசு கல்லூரிகளில் படித்தவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் 30 சதவீதம். ஆனால் மொத்தக் கல்விக் கட்டண வருமானத்தில் 68 சதவீதம் அவர்கள் கொடுத்தது. அந்த வெளிநாட்டு மாணவர்களிலும் 62 சதவீதம் பேர் இந்தியர்கள். ஒரு நாட்டின் கல்லூரி பட்ஜெட், இன்னொரு நாட்டின் அப்பா அம்மாக்கள் அடகு வைத்த நிலத்தையும் நகையையும் நம்பி ஓடியது என்றே சொல்லலாம்.

எச்சரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை. அதன் பிறகுதான் எண்ணிக்கை இன்னும் வேகமாக ஏறியது. ஒன்டாரியோவின் கிச்சனர் நகரில் இருக்கும் கோனஸ்டோகா கல்லூரிக்கு மட்டும் 2023-ல் 30,000-க்கும் அதிகமான ஸ்டடி பெர்மிட்கள் கிடைத்தன. நாட்டிலேயே அதுதான் அதிகம். பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கல்லூரி ஓரிடம், வகுப்பு வேறிடம்

இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். மாகாணத்தின் வடகோடியில் இருக்கும் சிறிய அரசு கல்லூரிகளுக்கு உள்ளூரில் மாணவர்கள் கிடைப்பதில்லை. வெளிநாட்டு மாணவர்களும் அந்தக் குளிர்ப் பகுதிக்குப் போக விரும்புவதில்லை. எனவே டொரண்டோ பக்கம் இருக்கும் தனியார் கல்லூரியுடன் ஒப்பந்தம். பாடத்திட்டமும் சான்றிதழும் அரசு கல்லூரியுடையது. வகுப்பறை தனியாருடையது. கட்டணம் இருவருக்கும் பங்கு.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு 2023 கோடையில் ஒரு சாம்பிள் கிடைத்தது. டொரண்டோவில் இருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளி டிம்மின்ஸ் என்ற ஊரில் இருக்கும் நார்தர்ன் கல்லூரி, ஸ்கார்பரோவில் உள்ள தனியார் கூட்டாளி வளாகத்தில் சேர இருந்த சுமார் 500 பேரின் அட்மிஷனை வகுப்பு தொடங்கச் சில வாரங்களுக்கு முன் ரத்து செய்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு விசா கிடைத்துவிட்டது, இடம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். விமான டிக்கெட் எடுத்தவர்கள், வேலையை விட்டவர்கள், ஏற்கெனவே போய் இறங்கியவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் இந்தியர்கள். ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்கார்பரோவில் இது அப்போது பெரிய பேச்சாக இருந்தது.

அரசு திடீரென்று திரும்பியது ஏன்?

வீட்டு வாடகைதான் காரணம். குறைந்தபட்சம், அரசியல்வாதிகள் சொன்ன காரணம் அது.

2023 ஜூனில் கனடாவின் மக்கள்தொகை 4 கோடியைத் தொட்டது. அந்த ஒரே ஆண்டில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள். 3.2 சதவீத வளர்ச்சி. 1957-க்குப் பிறகு அந்நாடு பார்க்காத வேகம். அந்த வளர்ச்சி முழுவதும் ஏறக்குறைய வெளியிலிருந்து வந்தவர்களால்தான். அதே நேரத்தில் வாடகை எகிறியது. கல்லூரிகள் மாணவர்களைச் சேர்த்தனவே தவிர, தங்க இடம் கட்டவில்லை. ஒரே வீட்டின் பேஸ்மென்ட்டில் பத்துப் பேர் தங்கும் நிலை பிராம்ப்டன் போன்ற ஊர்களில் சாதாரணமானது.

ஓட்டுப் போடுகிறவர்களின் கோபம் குடியேற்றத்தின் மீது திரும்பியது. நிரந்தரமாகக் குடியேறுபவர்களைக் குறைப்பதைவிட மாணவர்களைக் குறைப்பது சுலபம். அவர்களுக்கு ஓட்டு இல்லை.

வாடகை ஏறியதற்கு மாணவர்கள் மட்டுமா காரணம்? வட்டி விகிதம், போதுமான வீடுகள் கட்டாதது, தற்காலிகத் தொழிலாளர் வருகை எல்லாமே உண்டு. ஆனால் ஒரே கையெழுத்தில் குறைக்க முடிந்த எண்ணிக்கை மாணவர்களுடையது.

என்னென்ன மாற்றினார்கள்?

2024 ஜனவரி 22-ம் தேதி அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் உச்சவரம்பை அறிவித்தார். 2024-ல் சுமார் 3,60,000 புதிய ஸ்டடி பெர்மிட்கள்தான். முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் பங்கு பிரித்தார்கள். கல்லூரி அட்மிஷன் கடிதம் மட்டும் போதாது, மாகாண அரசின் சான்றுக் கடிதமும் வேண்டும் என்றார்கள்.

அந்த அரசு–தனியார் கூட்டு வளாகங்களில் படிப்பவர்களுக்கு இனி வொர்க் பெர்மிட் கிடையாது என்றும் சொன்னார்கள். அதோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வொர்க் பெர்மிட் இல்லை என்றால் மாணவர்களும் இல்லை. இது எதைக் காட்டுகிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

பணக் கணக்கும் மாறியது. வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகை நீண்ட காலமாக 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 20,635 டாலர். 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 டாலர். அதாவது சுமார் 14 லட்சம் ரூபாய். இது கல்விக் கட்டணத்துக்கும் விமானச் செலவுக்கும் மேலே தனியாகக் காட்ட வேண்டியது. கணவன் அல்லது மனைவிக்கு எளிதாகக் கிடைத்த ஓப்பன் வொர்க் பெர்மிட்டும் சுருக்கப்பட்டது.

2024 செப்டம்பரில் அடுத்த சுற்று. 2025-க்கான வரம்பு 4,37,000. முந்தைய எண்ணைவிட இது பெரிதாகத் தெரியலாம். ஆனால் முதலில் வரம்புக்கு வெளியே இருந்த மாஸ்டர்ஸ், முனைவர் பட்ட மாணவர்களையும் இதற்குள் சேர்த்துவிட்டார்கள். எனவே உண்மையில் இது மேலும் 10 சதவீதக் குறைப்பு.

2024 நவம்பர் 1 முதல் வொர்க் பெர்மிட்டுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்வு கட்டாயம். டிப்ளமோ படிப்பவர்கள், அரசு வெளியிட்டிருக்கும் பட்டியலில் உள்ள துறையில் படித்திருந்தால்தான் பெர்மிட். நவம்பர் 8-ம் தேதி, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் மாணவர்களுக்குச் சீக்கிரம் விசா கொடுத்துவந்த ‘எஸ்டிஎஸ்’ திட்டத்தை முன்னறிவிப்பு இல்லாமல் மூடினார்கள். படிக்கும்போது கல்லூரிக்கு வெளியே வேலை பார்ப்பது வாரத்துக்கு 24 மணி நேரம் வரை மட்டும். போய் இறங்கிய பிறகு கல்லூரி மாற வேண்டும் என்றால் புது ஸ்டடி பெர்மிட் வாங்க வேண்டும். முன்பு இணையதளத்தில் தகவல் கொடுத்தாலே போதும்.

2026-க்கான திட்டத்தில் புதிதாக வரும் மாணவர்களுக்கான இலக்கு 1,55,000. முன்பு போட்டிருந்த இலக்கில் ஏறக்குறைய பாதி. 2027, 2028-ல் தலா 1,50,000. ஒரே ஒரு தளர்வு உண்டு. அரசு பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ், முனைவர் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் மாகாணச் சான்றுக் கடிதம் வேண்டாம்.

கல்லூரிகளில் இப்போது என்ன நிலை?

வருமானம் நின்றதும் கத்தி விழுந்தது. ஷெரிடன் கல்லூரி 2024 நவம்பரில் 40 படிப்புகளை நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஒட்டாவாவின் அல்கோன்குவின் கல்லூரி பெர்த் நகரில் இருந்த வளாகத்தையே மூட முடிவு செய்தது. ஒன்டாரியோ கல்லூரிகளில் 10,000 பேர் வரை வேலை இழக்கிறார்கள் என்று ஊழியர் சங்கம் 2025 கோடையில் சொன்னது. 600-க்கும் மேற்பட்ட படிப்புகள் ரத்தாகியோ நிறுத்தப்பட்டோ இருக்கின்றன.

இதில் உள்ளூர் மாணவர்களுக்கும் நஷ்டம்தான். வெளிநாட்டு மாணவர் கட்டிய பணத்தில் நடந்த படிப்புகளில் அவர்களும் படித்தார்கள். இப்போது பல சிறு ஊர்களில் அந்தப் படிப்பே இல்லை. அரசு ஒதுக்கிய இடங்கள்கூட பல மாகாணங்களில் நிரம்பவில்லை. வரம்பு போட்டதைவிட, ‘கனடா இனி வேண்டாம்’ என்ற பேச்சு அதிக வேலை செய்திருக்கிறது.

இந்திய மாணவர்களுக்கு எவ்வளவு அடி?

2025 ஆகஸ்டில் இந்தியர்களின் ஸ்டடி பெர்மிட் விண்ணப்பங்களில் 74 சதவீதம் நிராகரிக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் வெளியிட்ட கனடா அரசுத் தரவு காட்டியது. 2023 ஆகஸ்டில் இது 32 சதவீதம். அதாவது நாலு பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது.

கடுமை கூடியதற்கு ஏமாற்று வேலைகளும் ஒரு காரணம். 2023-ல் போலி அட்மிஷன் கடிதங்களோடு வந்த சுமார் 1,550 விண்ணப்பங்களைக் கனடா கண்டுபிடித்தது. பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து போனவை. அந்த ஆண்டு டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறார்கள். ஏஜெண்ட் செய்த மோசடிக்கு மாணவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023-ல் பஞ்சாபைச் சேர்ந்த பலர், படித்து முடித்து வேலைக்கும் போன பிறகு, பழைய கடிதம் போலி என்று நாடு கடத்தல் நோட்டீஸ் வாங்கியதே இதற்கு உதாரணம். நிஜ்ஜார் கொலை விவகாரத்தில் இரு நாட்டு உறவு கெட்டு, 2023 அக்டோபரில் கனடா 41 தூதரக அதிகாரிகளைத் திரும்ப அழைத்ததும் விசா வேலையை மெதுவாக்கியது.

இந்திய அரசின் கணக்கும் இதையே சொல்கிறது. படிப்புக்காக கனடா போன இந்தியர்கள் 2023-ல் 2.33 லட்சம் பேர், 2024-ல் 1.37 லட்சம் பேர். எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 8.92 லட்சத்திலிருந்து 7.59 லட்சமாகக் குறைந்திருக்கிறது.

மற்ற நாடுகள் மட்டும் திறந்திருக்கிறதா?

அப்படி நினைத்து நாட்டை மாற்றுபவர்கள் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

பிரிட்டனில் 2022-23-ல் 7.58 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள். அடுத்த ஆண்டே 7.32 லட்சம். ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்றவர்கள் குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்று 2024 ஜனவரியில் சட்டம் போட்டார்கள். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு தங்கி வேலை பார்க்கும் ‘கிராஜுவேட் ரூட்’, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்று ஆண்டு தொடர்கிறது.

ஆஸ்திரேலியா விசாக் கட்டணத்திலேயே கை வைத்தது. 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது 2024 ஜூலையில் 1,600 ஆனது, 2025 ஜூலையில் 2,000 ஆனது. விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். வரம்பை 2025-க்கு 2,70,000, 2026-க்கு 2,95,000 என்று வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எண்ணிக்கை மேலோட்டமாகப் பார்த்தால் ஏறுமுகம். 2024-25-ல் 11.77 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள், அதில் 3.63 லட்சம் பேர் இந்தியர்கள். சீனாவை முந்தி முதலிடம். ஆனால் இந்தக் கணக்கில் படிப்பை முடித்து ‘ஓபிடி’யில் வேலை பார்ப்பவர்களும் சேர்த்தி. புதிதாகச் சேர்பவர்களைத் தனியாகப் பார்த்தால் 2025 இலையுதிர்காலத்தில் 17 சதவீதச் சரிவு. அந்த ஆண்டு மே கடைசியில் சில வாரங்கள் மாணவர் விசா நேர்காணலே ஒதுக்கவில்லை. செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது.

ஜெர்மனி மட்டும் எதிர்த்திசையில் போகிறது. 2024-25 குளிர்கால செமஸ்டரில் அங்கே படித்த இந்தியர்கள் சுமார் 59,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம். பெரும்பாலான அரசு பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். இந்தியர்களுக்கு ‘ஏபிஎஸ்’ சான்றிதழும் கட்டாயம். ஜெர்மன் தெரியாமல் போய் பகுதி நேர வேலை தேடினால் என்ன ஆகும் என்பதை அங்கே இருக்கும் சீனியர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கனடாதான் என்று முடிவு செய்தவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், கல்லூரி அரசு அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு வொர்க் பெர்மிட் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் வேறு, வொர்க் பெர்மிட் தகுதி வேறு. ஏஜெண்டுகள் பலர் இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுவார்கள். டிப்ளமோ என்றால் துறைப் பட்டியலும் அவ்வப்போது மாறுகிறது.

ஏஜெண்டுக்கு நீங்கள் ஒரு ரூபாய் கொடுக்காவிட்டாலும் கல்லூரியிடமிருந்து கமிஷன் போகிறது. ஆகவே அவர் ‘இலவசமாக’ பரிந்துரைக்கும் கல்லூரி யாருக்கு நல்லது என்று யோசிக்க வேண்டும். விண்ணப்பத்தில் அவர் என்ன எழுதியிருக்கிறார், எந்தக் கடிதத்தை இணைத்திருக்கிறார் என்பதை அனுப்பும் முன் படித்துப் பார்த்து ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து உங்களுடையது, சட்டப்படி பொறுப்பும் உங்களுடையது.

கட்டணம் கட்டும் முன் இன்னொன்று. விசா நிராகரிக்கப்பட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்பது கல்லூரியின் ரீஃபண்ட் விதிகளில் எழுத்தில் இருக்கும். நாலில் மூன்று விண்ணப்பம் திரும்பி வரும் காலத்தில் அட்மிஷன் கடிதத்தைவிட அதை முதலில் படிப்பது புத்திசாலித்தனம். வங்கி லோனில் முதல் தவணை வெளியே போன நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்கிவிடும், விசா வந்தாலும் வராவிட்டாலும்.

படிப்புக்குப் பிந்தைய வொர்க் பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான். ஓராண்டுப் படிப்பை முடித்து அதை வாங்கிவிட்டால், பிறகு இன்னொரு படிப்பு படித்தாலும் மறுபடி கிடைக்காது. மாஸ்டர்ஸ் பட்டம் என்றால் இரண்டு ஆண்டுக்குக் குறைவான படிப்பாக இருந்தாலும் மூன்று ஆண்டு பெர்மிட் கிடைக்கும் என்று 2024 பிப்ரவரியில் விதி மாற்றப்பட்டிருக்கிறது. இதே பட்டத்துக்குத்தான் இப்போது மாகாணக் கடிதத்திலிருந்தும் விலக்கு. இரண்டு ஆண்டு டிப்ளமோவோடு கிளம்பும் பழைய கணக்கு இங்கேதான் உடைகிறது.